மொட்டைப் பனைக்கு ஒரு சுற்று

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப்போல வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், கௌதாரியைத் தரையில் பார்ப்பது அபூர்வம். இரை பொறுக்க இறங்கும், பொறுக்கியதும் எழும்பிவிடும். பருந்து வட்டமிடும் உயரத்துக்கும் மேலே கௌதாரிக் கூட்டம் பறந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். பொழுது சாய்கிற நேரத்தில் தாயும் தகப்பனும் குஞ்சுமாக மேலே போய்க் காற்றில் சறுக்கி விளையாடிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கும். எதற்கு இப்படிப் பறக்கிறீர்கள் என்று காடை கேட்டால், சும்மாதான் என்று சொல்லும்.

கள்ளியும் ஆவாரையும் மண்டிய ஒரு மேட்டில் பெரிய இலந்தைப் புதர் இருந்தது. பெற்றவர்கள் பகலில் தினைக்காட்டுக்கு இரை தேடப் போகும்போது, குஞ்சுகளை அந்தப் புதருக்குள் விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ளச் செங்காலி என்றொரு கௌதாரி இருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. காலில் முள் தைத்த குஞ்சுக்கு அலகாலேயே முள்ளெடுத்துவிடுவாள். தாயை நினைத்து அழுகிற குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொள்வாள். ஆனால் அவள் ஒருத்தி, குஞ்சுகளோ புதர் நிறைய. காலையில் கொண்டுவந்த பொறுமை உச்சிப்பொழுதுக்கு முன்பே தீர்ந்துபோகும்.

முன்பெல்லாம் அவள் கொத்தித்தான் அடக்கிவந்தாள். தாய்மார் காயத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். இனிமேல் யார் குஞ்சையும் கொத்தக் கூடாது என்று கூடிப் பேசி முடிவும் செய்தார்கள். நல்ல முடிவுதான். கொத்தாமல் எப்படி அடக்குவது என்பதையோ, அவளுக்குத் துணையாக இன்னொருத்தியை வைப்பதையோ மட்டும் ஒருவரும் பேசவில்லை. தினைக்காட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

குஞ்சுகளில் மொச்சை என்று ஒருவன். வரிச்சி என்ற கௌதாரியின் குஞ்சு. அவள் இட்ட மற்ற முட்டைகளையெல்லாம் சாரைப்பாம்பு குடித்துவிட்டது. தப்பியது இவன்தான். மொச்சைக்கு உடம்பு ஓரிடத்தில் நிற்காது, வாயும் நிற்காது. எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, கள்ளிக்கு ஏன் இலை இல்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் வருவதற்குள் எழும்பிப் பறந்துவிடுவான். பறப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. இறக்கை முளைத்தும் முளைக்காத வயதில், விழுந்து விழுந்து பறந்தவன் அவன்.

உச்சிப்பொழுதில் எல்லாக் குஞ்சுகளும் கண்ணை மூடிப் படுக்க வேண்டும் என்பது புதரின் சட்டம். ஒருநாள், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம், செங்காலி அப்போதுதான் கடைசிக் குஞ்சையும் தூங்கவைத்துக் கண்ணசந்தாள். தூங்குவதுபோல் கிடந்த மொச்சை படபடவென்று சிறகடித்து எழும்பினான். தூங்கியவை எல்லாம் விழித்துக் கத்தத் தொடங்கின. செங்காலிக்கு அலகு துடித்தது. கொத்தக் கூடாதே. வெளியே சற்றுத் தள்ளி, தலை போன மொட்டைப் பனை ஒன்று நின்றது. அதைப் பார்த்தாள்.

"உனக்குப் பறக்கத்தானே வேணும்? போ, அந்த மொட்டப் பனையைச் சுத்து. நான் சொல்றவரைக்கும் இறங்கக் கூடாது," என்றாள்.

மொச்சைக்கு அது தண்டனை என்றே தெரியவில்லை. தனக்கு ஏதோ பரிசு கிடைத்துவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான். மற்றக் குஞ்சுகளுக்குப் பொறாமை. பாவம், அவனும் குஞ்சு, அவையும் குஞ்சுகள். சில சுற்றுக்குப் பிறகு, போதும் அத்தை, வரட்டுமா என்று கேட்டான். இன்னும் என்றாள். மறுபடி கேட்டான். இன்னும் என்றாள். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த குஞ்சுகளும் மெதுவாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் இறங்கச் சொன்னபோது அவனுக்கு இறக்கையை மடக்க முடியவில்லை. தரையில் இழுத்துக்கொண்டே வந்து, ஓர் ஓரமாக உட்கார்ந்தான். அன்று பொழுது சாயும்வரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

புதர் அமைதியாக இருந்தது. செங்காலிக்கு அந்த அமைதி தேன்போல இனித்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு இறகு உதிரவில்லை. இது நமக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து எதற்கெடுத்தாலும் பனைதான். இரையைச் சிந்தினால் பனை. அடுத்தவன் வாலை இழுத்தால் பனை. அழுதால் பனை. பனை என்ற சொல்லைக் கேட்டதுமே குஞ்சுகள் வாயை மூடின. தாய்மார் விஷயத்தைக் கேள்விப்பட்டு மகிழ்ந்துதான் போனார்கள். இறக்கைக்கு நல்லது, பசி எடுக்கும், இரவில் நன்றாகத் தூங்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வரிச்சியும் சும்மா இருக்கவில்லை. இவனுக்கு ரெண்டு சுத்து கூடவே குடுங்கக்கா, அப்பவாவது அடங்குறானா பாப்போம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு எத்தனை நாள் அழுதாள் என்பது அந்தக் கள்ளிகளுக்குத்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் வரிச்சி மகனைக் கூப்பிட்டாள். காற்று நன்றாக அடித்தது. வாடா கண்ணு, மேல போய்ச் சறுக்கிட்டு வரலாம் என்றாள். மொச்சை நகரவில்லை. தலையைத் தாழ்த்தி, இறக்கை இரண்டையும் உடம்போடு இறுக்கிக்கொண்டு நின்றான்.

"நான் இன்னிக்கு ஒண்ணும் பண்ணலையே அம்மா," என்றான்.

வரிச்சிக்குச் சுருக்கென்றது. பகலெல்லாம் பறந்த அலுப்பு போலிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். தாய் மனதில் தைத்த முள்ளை எடுக்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை. அன்று மேலே போன கூட்டத்தில் குஞ்சு என்று ஒன்றுகூட இல்லை. பெரியவர்கள் மட்டும் கொஞ்சம் சுற்றிவிட்டு, ருசியில்லாமல் இறங்கிவிட்டார்கள்.

சில நாள் கழித்து, நடுப்பகலில், புதருக்குள் கீரி நுழைந்தது.

முதலில் பார்த்தது செங்காலிதான். மொச்சை ஓரத்தில் இருந்தான். அடங்காதவன் என்று அவனை எப்போதும் ஓரத்தில் உட்காரவைப்பது அவள் வழக்கம். கீரிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வேர் மட்டுமே இருந்தது. செங்காலி தொண்டை கிழியக் கத்தினாள்.

"பறங்க! எல்லாரும் பறங்க!"

ஒரு குஞ்சும் பறக்கவில்லை. புதர் நிறைய இருந்த குஞ்சுகள் அத்தனையும் தலையைத் தாழ்த்தி, இறக்கையை இறுக்கி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. செங்காலி அழுதாள், கெஞ்சினாள். பற என்ற சொல்லைத் தவிர அவளுக்கு வேறு சொல் வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க அவை இன்னும் இறுக்கமாகப் படுத்தன. அவள் பாய்ந்து கீரியின் முகத்தைக் கொத்தினாள். அவளுடைய கழுத்துத் தூவியெல்லாம் பிய்ந்து பறந்தது. கீரி திரும்பிப் போனபோது அதன் வாயில் மொச்சை இருந்தான்.

சாயங்காலம் பெற்றவர்கள் வந்தார்கள். அவரவர் குஞ்சை அவரவர் தேடி எடுத்துக்கொண்டார்கள். வரிச்சி மட்டும் புதரின் ஓரத்தில், வேருக்குப் பக்கத்தில் நின்றாள். செங்காலி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் வரிச்சி கேட்டாள்.

"பறக்கச் சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேன். கத்திக் கத்திச் சொன்னேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

செங்காலி பிய்ந்த கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையே அத்தைன்னு சொன்னான்."

வரிச்சி அவளைத் திட்டவில்லை, கொத்தவில்லை. தனக்கும் அதில் பங்கு இருப்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. புதரைவிட்டு வெளியே வந்தாள். அவள் மேலே எழும்பிப் போய்விடுவாளோ என்று மற்றவர்கள் பார்த்தார்கள். அவள் நடந்துதான் போனாள்.

மற்றத் தாய்மார் தங்கள் குஞ்சுகளைத் திரும்பவும் பறக்கவைக்க எவ்வளவோ பாடுபட்டார்கள். தேனொழுகப் பேசினார்கள், மேலே போய் ஆசை காட்டினார்கள். குஞ்சுகள் கீழேயிருந்து பயத்தோடு பார்த்தன, அம்மா என்ன தப்புச் செய்தாள் என்று. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பெரியவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். குஞ்சுகளோடு சேர்ந்து நடக்கப் பழகினார்கள். குஞ்சு வராத வானம் எதற்கு? மொட்டைப் பனையும் ஒரு மழைக்காலத்தில் விழுந்துவிட்டது. அதனால் ஒன்றும் மாறவில்லை.

இன்றைக்கும் காட்டுப்பாதையில் காலடிச் சத்தம் கேட்டால் கௌதாரிக் குஞ்சு பறக்காது. தலையைத் தாழ்த்தித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். புத்திசாலிக் குஞ்சு, மண் நிறத்தில் ஒளிந்துகொள்கிறது என்பார்கள். இருக்கட்டும். வளர்ந்த கௌதாரியும் துரத்தினால் முதலில் ஓடித்தான் பார்க்கும். ஓட முடியாதபோது மட்டும் படபடவென்று எழும்பும். அன்று முதல்தான் அது எழும்பிய வேகத்திலேயே பக்கத்துப் புதருக்குள் இறங்கிவிடுகிறது, தண்டனை முடிந்த குஞ்சைப்போல.