தக்காளிக்காய் கேட்ட கேள்வி

அன்று அடுக்களையில் இருந்தோர் ஐவர்: மழையில் சாய்ந்த செடியிலிருந்து பறிக்கப்பட்ட தக்காளிக்காய், அதன் காம்போடு வந்துவிட்ட ஓர் இலை, மாங்காய், பச்சைமிளகாய், வெயில் பட்டுத் தோல் பச்சையாகிப்போன உருளைக்கிழங்கு. வீட்டுக்காரி குணவதியும் அவள் கணவன் அறவாழியும் முற்றத்தில் இருந்தனர்.

தன்னைச் சமைப்பார்களா, குப்பைக்குழியில் எறிவார்களா என்பதே தக்காளிக்காயின் கவலை.

"நான் உணவா, நஞ்சா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று அது கேட்டது.

"பச்சை என்றால் பயமென்ன?" என்றது மாங்காய். "என்னை உப்பும் காரமும் தொட்டுத் தின்கிறார்கள். பழுத்தால்தான் ஊறுகாய்க்கு ஆகாதென்று ஒதுக்குகிறார்கள்."

"ஆரம்பித்துவிட்டாயா தாயே, உன் பெருமையை!" என்று மிளகாய் சீறியது. "நானும் பச்சைதான். என்னை யாராவது வாய் நிறையத் தின்று பார்க்கட்டுமே!"

உருளைக்கிழங்கு தாழ்ந்த குரலில் பேசியது. "நான் உனக்குப் பங்காளி, ஒரே செடி இனம். நம் குடும்பத்துக்குப் பச்சை ஆகாது. தோல் நிறம் மாறியபின் என்னுள் நஞ்சு ஊறிவிட்டது. உன் கதியும் அதுதான்."

"நம் நஞ்சு கசக்கும்; அந்தக் கசப்பில் பெரும்பங்கு என்னிடம்" என்றது தக்காளி இலை. "காயிலும் சிறிது உண்டு; முற்ற முற்றக் குறையும். இன்று எவ்வளவு என்று மட்டும் கேட்காதே."

தக்காளிக்காய் மேலும் குழம்பியது. "என்னைப் பற்றிக் கேட்டேன். ஆளாளுக்குத் தம்மைப் பற்றியே சொல்கிறீர்கள்."

அப்போது குணவதி உள்ளே வந்தாள். பின்னாலேயே வந்த அறவாழி, "அது விஷம்னு சொல்றாங்களே குணா, தூக்கிப் போட்டுடு" என்றான்.

"உங்களுக்குச் சொல்றதுக்கா ஆள் இல்லை! நல்லா முத்தின காய்தாங்க. கொஞ்சமா துவையல் அரைக்கிறேன். கசந்தா விட்டுடலாம்."

இலையைக் கிள்ளி எறிந்தாள். காயை நறுக்கி ஒரு துண்டை நாவில் வைத்தாள். புளித்தது, கசக்கவில்லை. துண்டுகள் வாணலியில் விழுந்தன.

அறவாழியின் அச்சம் அந்த நொடியே துணிச்சலாயிற்று. "அப்போ பச்சை ஒண்ணும் பண்ணாதுபோல! இந்த உருளையையும் போட்டுடேன். தோல்தானே லேசா மாறியிருக்கு?"

குணவதி தயங்கினாள். அவன் சொன்னது சரியா, தவறா என்று அவளுக்கும் விளங்கவில்லை. ஆயினும் கை உருளையை நோக்கி நீண்டது.

"பங்காளி, என் விஷயத்தில் நீ சொன்னது பொய்த்துவிட்டதே!" என்று வாணலியிலிருந்து தக்காளிக்காய் கூவியது. "நீயும் வந்துவிடு."

உருளைக்கிழங்கு மேடையிலிருந்து இறங்கியது. வாசற்படியைத் தாண்டி, குப்பைக்குழி இருந்த திசையில் நடந்தது.