முறத்தளவு ராஜா சீட்டு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை முத்துவிசயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உள்ளபடி சொன்னால் சீட்டாடினான், மீந்த நேரத்தில் ஆண்டான்.

அவனுடைய மந்திரி அரியநாயகம் மகா புத்திசாலி என்று நாடெங்கும் பேச்சு. அந்தப் பேச்சில் பாதியை மந்திரியே நம்புவதில்லை. மீதிப் பாதியைக் கிளப்பிவிட்டது அவர்தான்.

ஒருநாள் ராஜா, "நம் சபையாரையே வைத்து ஒரு புதுச் சீட்டுக்கட்டு வேண்டும்" என்றான். வரைகிறவர்களுக்கு உதவட்டும் என்று மந்திரி ஓர் ஓலையில் சில யோசனைகளை எழுதினார். 'சீட்டில் அவரவர் பட்டங்களை எழுதினால் நல்லது. எழுத்து புளியங்கொட்டை அளவு இருந்தால் கண்ணுக்குச் சுகம்.' ராஜாவுக்கு மட்டும் அறுபத்துநான்கு பட்டங்கள். அவனைக் குளிரவைக்க எழுதிய வரி அது. சீட்டு என்ன அளவுக்குப் போகும் என்று மகா புத்திசாலி யோசிக்கவில்லை.

அரசாணைகளைப் படியெடுக்கும் அதிகாரி விடங்கருக்கு மந்திரியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். அவர் அந்த ஓலையைச் செப்பேட்டில் வெட்டினார். 'நல்லது', 'சுகம்' எல்லாம் 'வேண்டும்' ஆனது. கடைசியில் தன் சொந்தச் சரக்காக, 'மீறினால் வலக்கட்டைவிரல் போகும்' என்று சேர்த்தார். யாராவது மாட்டினால் பழி மந்திரி தலையில் விழட்டும் என்ற நல்லெண்ணம்தான். ராஜா ஆட்ட மும்முரத்தில் படிக்காமலே முத்திரை குத்தினான்.

மாட்டியவள் பாவாயி என்ற ஓவியக்காரி. ராஜா சீட்டில் பட்டம் ஒன்றுகூட எழுதாமல், ஒரு கிரீடமும் கீழே முறுக்கு மீசையும் மட்டும் வரைந்திருந்தாள்.

"பட்டங்களை விழுங்கிவிட்டாள், மகாராஜா!" என்று விடங்கர் குதித்தார். "சட்டம் சட்டம்தான்."

ராஜாவின் முகம் சிவந்தது. "என் அறுபத்துநாலும் எங்கே?"

"மீசையப் பாத்தாலே நீங்கன்னு தெரியுதே, சாமி" என்றாள் பாவாயி. "வெரல் போனா தூரிகைய எதால புடிப்பேன்? கஞ்சிக்கு எங்க போவேன்?"

அரியநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் முகஸ்துதி வரிக்கு இந்தப் பெண் விரலைக் கொடுப்பதா? ஊரார் சொல்லும் புத்தியைத் தலைக்குள் தேடிப் பார்த்தார். கொஞ்சம்போல அகப்பட்டது.

"மகாராஜா, விரலை எடுத்துவிட்டால் சீட்டுக்கட்டை யார் வரைவது?" என்றார். "முதலில் செப்பேட்டில் உள்ளபடியே இவள் ஒரு கட்டு செய்யட்டும். எழுத்துக்கு எழுத்து விடங்கர் அளந்து வாங்கட்டும். நாம் ஆடிப் பார்ப்போம். விரல் எங்கே ஓடிவிடப்போகிறது?"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா. விடங்கர் கையில் புளியங்கொட்டையோடு பக்கத்திலேயே உட்கார்ந்து அளந்து வாங்கினார்.

பத்தாம் நாள் கட்டு வந்தது. பட்டமே இல்லாத காவல்காரன் சீட்டு விரல்நகம் அளவு. ஏழு பட்டமுள்ள மந்திரி சீட்டு வெற்றிலை அளவு. ராஜா சீட்டை இரண்டு சேவகர்கள் தூக்கிவந்தார்கள். அது முறத்தளவு இருந்தது.

ராஜாவும் மந்திரியும் ஆட உட்கார்ந்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் ராஜா சீட்டு ராஜாவுக்கே வந்தது. அதைக் கையில் பிடித்ததும் மற்ற சீட்டுகள் மறைந்தன, ஆளும் மறைந்தான். அவன் அந்த முறத்தை அசைத்தாலே மந்திரி ஒரு காவல்காரன் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். ராஜா ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றான்.

"என் கையில் இருப்பது உனக்கு எப்படி ஐயா தெரிகிறது?"

"தெருவில் போகிறவனுக்கும் தெரிகிறதே, மகாராஜா!"

ராஜா சீட்டை வீசினான். "ஓய் விடங்கரே! கத்தரிக்கோலை எடும்! இதை என் உள்ளங்கை அளவுக்கு வெட்டும்!"

விடங்கர் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டினால் பட்டங்கள் போகும். பட்டங்கள் போனால் விரல் போகும். வெட்டாவிட்டால் ராஜகட்டளையை மீறியதாகத் தலையே போகும். சீட்டைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"வெட்டுங்கள் ஐயா. சட்டம் சட்டம்தானே?" என்றார் மந்திரி.

விடங்கர் தொப்பென்று ராஜாவின் காலில் விழுந்தார். "மகாராஜா! அது சட்டமில்லை. வெறும் யோசனைதான்! மந்திரியார் அப்படித்தான் எழுதியிருந்தார்!"

"எழுதிய மடையன் நான்தான்" என்று அரியநாயகம் கையை நீட்டினார். "உங்களைக் குளிரவைக்க எழுதினேன், மகாராஜா. விரல்தான் வேண்டுமென்றால் எழுத்தாணி பிடித்த இந்த விரலை எடுங்கள். பாவாயி ஆட்டத்தை நினைத்து வரைந்தாள். நான் என் பதவியை நினைத்து எழுதினேன்."

ராஜா பாவாயியின் மீசைச் சீட்டை எடுத்துக் கைக்குள் மறைத்துப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. "செப்பேட்டை உருக்குங்கள்! விடங்கரே, இந்த முறத்தை வீணாக்க வேண்டாம். ஆட்டம் முடியும்வரை எனக்கு விசிறும்."

விடங்கர் விசிறினார். சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ராஜா பாவாயியைக் கூப்பிட்டு இரண்டு காணி நன்செய் கொடுத்தான். அதுவும் போதாதென்று, "உனக்கு ஒரு பட்டமும் தருகிறேன், கேள்" என்றான்.

"நெலம் போதும், சாமி" என்று பாவாயி கும்பிட்டாள். "பட்டம் வேணாம். சீட்டுல எடம் பத்தாது."

வேண்டாமென்ற பட்டத்தை என்ன செய்வது? ராஜா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மந்திரிக்கே கொடுத்தான்: 'புளியங்கொட்டைப் புலவர்.' அரியநாயகம் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். தகுதியறிந்து கிடைத்த பட்டம் அது ஒன்றுதான் என்று கடைசிவரை சொல்லித் திரிந்தாராம்.