கரையில் நட்ட கொம்பு

சிலம்பாறைக் காட்டில் கருங்கழுத்தன் என்றொரு கடமான் இருந்தது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெண்மான்களுக்காக மற்ற ஆண்மான்களோடு முட்டி மோதி, அத்தனையையும் தோற்கடித்தது. சண்டை மும்முரத்தில் ஒழுங்காக மேயக்கூட இல்லை. மாசி பிறந்தபோது விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. வீறாப்பு மட்டும் இளைக்கவில்லை!

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கொம்பு உள்ள மான்தான் குட்டையில் முதலில் தண்ணீர் குடிக்கும். அது குடித்துவிட்டுக் கரையை விட்டுப் போன பிறகே மற்றவை இறங்கலாம். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்கிறீர்களா? வேறு யார், கொம்பு உள்ளவர்கள்தான்!

ஒருநாள் காலை கருங்கழுத்தன் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை உதறியது. பொத்தென்று ஒரு கொம்பு விழுந்தது. சற்று நேரத்தில் அடுத்ததும் விழுந்தது. இந்தப் பருவத்தில் கடமானுக்குக் கொம்பு உதிர்வதும், பிறகு புதிதாக முளைப்பதும் இயல்புதான். மற்ற ஆண்மான்களுக்கு ஏற்கெனவே உதிர்ந்துவிட்டிருந்தது. அவை மொட்டைத் தலையோடு பேசாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

கருங்கழுத்தனுக்குப் பொறுக்குமா? விழுந்ததில் பெரிய கொம்பைக் கவ்விக் கரைச் சேற்றில் நட்டது.

"நான் மூங்கில் குருத்து மேயப் போறேன். என் கொம்பு இங்க நிக்கும். அது நின்னா நானே நிக்கிற மாதிரி!" என்றது.

செவலை என்ற சினைமான் முன்னால் வந்தது. "அப்போ நாங்க எப்போ குடிக்கிறது?"

"நான் கரையை விட்டுப் போனப்புறம்!"

"அதான் போறீங்களே!"

"கொம்பு போகலையே!"

என்ன நியாயம் பாருங்கள்! ஆண்மான்களாவது கேட்டிருக்கலாம். அவையோ, "நாளைக்கு நமக்கும் கொம்பு முளைக்கும். அதுக்கும் இந்த மரியாதை வேணுமில்ல?" என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டன.

அன்று முழுவதும் ஒரு மானும் குடிக்கவில்லை. மறுநாள் காலை கருங்கழுத்தன் வந்தது, வயிறு முட்டக் குடித்தது, கொம்பை நிமிர்த்தி வைத்தது, மூங்கில் காட்டுக்குப் போய்விட்டது. உச்சி வெயிலில் செவலைக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. வயிற்றுக்குள் குட்டி அசையவே இல்லை. பயந்துபோன செவலை தண்ணீரில் ஒரு காலை வைத்தது.

"ஐயோ, வேணாம்! கொம்பு பாக்குது!" என்று கூட்டமே அலறியது.

செவலை காலை எடுத்துவிட்டது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கொம்புக்கு ஏது கண்?

பொழுது சாயும் நேரத்தில் ஒரு முள்ளம்பன்றி வந்தது. கொம்பை மோந்து பார்த்துவிட்டுக் கறுக் மொறுக்கென்று கடிக்கத் தொடங்கியது.

"அடப்பாவி! அது கருங்கழுத்தனோட கொம்பு!" என்று மான்கள் கத்தின.

"கருங்கழுத்தன் எங்க?"

"மூங்கில் காட்டுல!"

"அப்போ இது வெறும் எலும்பு. வளர்ற பல்லைத் தேய்க்க எனக்கு எலும்பு வேணும். சத்தம் போடாதீங்க!"

இன்னும் நாலு கடி. கொம்பு சேற்றில் சாய்ந்தது. வானம் இடிந்து விழவில்லை. முள்ளம்பன்றிக்கு ஏப்பம்தான் வந்தது.

செவலை கோபத்தோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு நாள்! ஒரு எலும்புக்குப் பயந்து என் குட்டியை வாட்டிட்டேனே! கொம்பு என்னை ஒரு வார்த்தை சொல்லலை. கத்தினது நீங்க! அதைக் கேட்டுக் காலை எடுத்த எனக்கும் புத்தி இல்ல!"

விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கிக் குடித்தது. வயிற்றுக்குள் குட்டி ஒரு உதை உதைத்தது. அதன் பிறகுதான் செவலைக்கு உயிரே வந்தது. மற்ற மான்களும் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக இறங்கின.

சத்தம் கேட்டுக் கருங்கழுத்தன் ஓடிவந்தது. "யாரைக் கேட்டு இறங்கினீங்க?" என்று மொட்டைத் தலையைத் தாழ்த்திக்கொண்டு சீறியது.

ஒரு மானும் நகரவில்லை.

செவலை இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சொன்னது: "வரிசை அந்தக் கடைசியில முடியுது. போய் நில்லுங்க!"

அதிகாரம் உதிர்ந்த பிறகும் அதற்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள்தான் அதை நிற்க வைக்கிறார்கள்.