ஆறு கரண்டி நைட்ரஜன்

அன்று இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: பிளஸ் டூ படிக்கும் பூங்கோதை, செண்பகம், இசக்கிராஜா, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் சுடலைமணி, செய்முறை காட்ட வெளியூரிலிருந்து வந்திருந்த திருவேங்கடம் சார். ஆக ஐந்து பேர். மாட்டு ஊசியைக் குளிரில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜனில் ஆறு கரண்டியைச் சுடலைமணி தன் கேனிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ஊற்றிக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

பூங்கோதைக்கு வேண்டியது ஒன்றுதான். சார் கொண்டுவந்த கறுப்பு வில்லையை நைட்ரஜனில் குளிரவைத்தால் அது மீகடத்தியாகும், மின்தடை அற்றுப்போகும், மேலே வைத்த காந்தம் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அந்தக் காந்தத்தை ஈர்க்குச்சியால் தள்ளித் தன் கையாலேயே சுற்றவிட வேண்டும். இரண்டு கரண்டி இருந்தால் காரியம் ஆகிவிடும்.

"காந்தம் மிதக்கிறது ஒரு பெரிசா?" என்று ஆரம்பித்தார் சார். "போன ஊர்ல நான் பலகையையே மிதக்கவிட்டேன். தலைமையாசிரியர் அதுல நாற்காலி போட்டு உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் எடுத்தார்."

சொன்ன கதைக்குப் பொருத்தமாகப் புகை வேண்டுமே. ஒரு கரண்டியை மேசையில் ஊற்றினார். பாக்கி ஐந்து.

"எப்படி சார் இறங்கினார்?" என்றான் இசக்கிராஜா.

"எங்க இறங்கினார்? வெள்ளிக்கிழமை ஏறினவர். திங்கள் வரைக்கும் சாப்பாட்டை வீசித்தான் போட்டோம்."

இன்னொரு கரண்டி மேசையில் புகைந்தது. பாக்கி நான்கு.

"சார்வாளுக்குக் கை ரொம்பத் தாராளம்," என்றார் சுடலைமணி.

சார் காதில் வாங்கவில்லை. மீகடத்தி வளையத்தில் விட்ட மின்சாரம் ஓயாமல் சுற்றுமாம். டார்ச் லைட் பேட்டரி ஒன்றை அதில் தொட்டு எடுத்தாராம். அதிலேயே ஊர் மூன்று வருஷம் மாவு அரைத்ததாம்.

மூன்று.

"கரண்டு ஆபீஸ்காரங்க சும்மாவா இருந்தாங்க?" என்றாள் செண்பகம்.

"அவங்க ஆபீஸ்ல லைட் எரிஞ்சதே நம்ம வளையத்துல இருந்துதானம்மா."

இரண்டு. பூங்கோதை பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சார், வில்லையை வச்சிரலாமே. இனிமே ஊத்தினா பத்தாது."

"இரும்மா, முக்கியமானதே இனிமேதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சரக்கு ரயில் வந்துச்சு. ஐம்பது பெட்டி. வில்லையை ஜன்னல்ல காட்டினேன். வண்டி பனைமர உசரத்துக்கு எழும்பிப் போச்சு."

"கேட்கீப்பர் யாருக்கு சார் கொடி காட்டினார்?" என்றான் இசக்கிராஜா.

"அண்ணாந்து காட்டினார். இன்னிக்கு வரைக்கும் அவருக்குக் கழுத்து இறங்கலை."

பனைமர உசரத்தைக் காட்டக் கையைத் தூக்கியபோது நைட்ரஜன் மொண்ட கரண்டியும் கூடவே போய்ச் சிந்தியது. ஒன்று. அந்த ஒன்றும், அவர் கேட்கீப்பர் கழுத்தை நடித்துக் காட்டி முடிப்பதற்குள் கொதித்துப் புகையாகிவிட்டது.

பூங்கோதை வில்லையைப் பெட்டியில் வைத்தாள். அதன்மேல் காந்தத்தை வைத்து ஈர்க்குச்சியால் தள்ளினாள். காந்தம் வில்லையில் உரசிக்கொண்டே போய்ச் சரிந்து விழுந்தது.

"ஐம்பது பெட்டி தூக்கின சார், இதை ஒரு நூல் உசரமாவது தூக்குங்க," என்றாள்.

"நைட்ரஜன் பத்தலை," என்ற சாரின் கண் சுடலைமணியின் கேன்மேல் போனது. "அதையும் இப்படிக் கொடுங்க. உங்க மாடு அத்தனையையும் மிதக்கவிட்டுக் காட்டுறேன்."

சுடலைமணி கேனை அழுத்தி மூடினார்.

"மாடு தரையில நின்னாத்தான் சார்வாள் நான் ஊசி போட முடியும். இன்னிக்கு இன்னும் பதினொரு மாட்டுக்கு ஊசி பாக்கி இருக்கு."