தில்லையின் தலைக்கு எண்ணெய்

ஒரு விடுகதை. நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். வெட்டினால் வலிக்காது, இழுத்தால் வலிக்கும். பார்வைக்கு ஒரு சாண். நீட்டிப் பிடித்தால் ஒரு முழத்துக்கு மேல். அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். தில்லைக்கு விடை தெரியும். அது அவள் தலையிலேயே இருந்தது.

ஆற்றங்கரையில் ஒரு மடம். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற மடம். அதை நடத்தியவரைப் பிள்ளைகள் அம்மை என்று கூப்பிட்டார்கள். அம்மை தலையை மழித்தவர். வெயில் பட்டால் அந்தத் தலை தேய்த்து வைத்த செம்பு போல மினுங்கும்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் தலையைத் தானே வாரிக்கொள்ளக் கூடாது. காலையில் பிள்ளைகள் படித்துறையில் படிக்கு ஒருத்தியாக உட்காருவார்கள். மேல்படியில் இருப்பவள் கீழ்ப்படியில் இருப்பவளுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவாள். எல்லாருக்கும் மேலே இருப்பவளுக்கு யார் பின்னுவது? எல்லாருக்கும் கீழே இருப்பவள் ஏறி வந்து பின்ன வேண்டும்.

தில்லை மடத்துக்கு வந்த முதல் நாள், உமையாள் அவளுக்குத் தலை வாரினாள். உச்சியில் ஒரு கை எண்ணெயை ஊற்றிச் சீப்பை மேலிருந்து இழுத்தாள். சீப்பு பாதி வழியில் நின்றது. இன்னும் இழுத்தாள். ஒரு பல் உடைந்தது.

"உன் தலைக்குள்ள போன சீப்பு திரும்பி வராதுடி" என்றாள் உமையாள்.

"உள்ள குருவி இருக்கப் போகுது, மெதுவா" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். தில்லையும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் எல்லாருக்கும் மேலே உள்ள படியில் உட்கார்ந்தாள். தன் முன்னால் இருப்பவளுக்கு அழகாகப் பின்னிவிடுவாள். கடைசிப் படியில் இருப்பவள் ஏறி வருவதற்குள் எப்படியோ பாட மணி அடித்துவிடும். தில்லை முடியை அள்ளி ஒரு துணியில் கட்டிக்கொண்டு ஓடுவாள்.

மாதம் ஒருமுறை அம்மைக்குத் தலை மழிக்க நாவிதர் வருவார். பிள்ளைகளும் விரும்பினால் மழித்துக்கொள்ளலாம். ஆனால் முன்னால் வந்து உட்காருகிறவரை அவர் ஒரு கேள்வி கேட்பார். "யார் சொல்லி வந்தே?" 'நானாத்தான் வந்தேன்' என்றால் மட்டும் கத்தியை எடுப்பார்.

அவர் வரும் நாளுக்கு முந்தின மாலை, அம்மை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தில்லை போய் எதிரே நின்றாள்.

"அம்மை, நாளைக்கு நானும் மழிச்சுக்கிறேன்."

"சரி."

ஏன் என்று கேட்பார் என நினைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"நாவிதர் கேப்பாரே. நான் என்ன சொல்லணும்?"

அம்மை முறத்தை ஓரமாக வைத்தார். "எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வா."

"நாளைக்குப் போகப்போற முடிக்கு எண்ணெய் எதுக்கு அம்மை?"

"நாளைக்குத்தானே போகுது."

இருவரும் படித்துறைக்குப் போனார்கள். அம்மை மேல்படியில் உட்கார்ந்தார். உச்சியில் ஒரு கை எண்ணெய் ஊற்றினார். சீப்பை மேலிருந்து இழுத்தார். அது பாதி வழியில் நின்றது.

தில்லை படியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மை அந்தக் கையைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல அம்மை."

"இல்லன்னு சொன்னா நான் எப்படிக் கத்துக்கறது?"

தில்லை படியிலிருந்து கையை எடுத்து, "வலிக்குது" என்றாள்.

அம்மை சீப்பைக் கீழே வைத்தார். "என் முடி கோரைப்புல் மாதிரி நேரா கிடக்கும். இந்த முடி எனக்குத் தெரியல. வீட்டுல உனக்கு யாரு வாருவா?"

"அப்பா. அப்பாவுக்கும் இதே முடிதான்."

"அவர் எப்படிப் பண்ணுவார்?"

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை.

"முதல்ல தண்ணி" என்றாள்.

அம்மை ஒரு செம்பில் ஆற்று நீரை மொண்டுவந்தார். முடி முழுக்க நனைந்தது. சுருள்கள் நீண்டு தோளில் விழுந்தன.

"துவட்டாதீங்க அம்மை. சும்மா பிழிஞ்சு விடுங்க."

பிழிந்துவிட்டார்.

"இப்ப எண்ணெய். அய்யோ, அவ்வளவு வேணாம். உள்ளங்கையில கொஞ்சமா ஊத்தி, ரெண்டு கையையும் தேய்ச்சுக்கணும்."

"சரி."

"மேல இல்ல அம்மை, நுனியில. நுனியிலேர்ந்து விரலாலேயே சிக்கெடுத்துக்கிட்டு மேல வரணும். சீப்பு கடைசியிலதான்."

"சரிங்க" என்றார் அம்மை.

தில்லைக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை மெய்யாகவே வந்தது.

விரல்கள் நுனியிலிருந்து மெல்ல மேலே ஏறின. ஒரு சிக்கு அவிழ்ந்தது. இன்னொன்று. பிடரிக்குப் பக்கத்தில் எதுவோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், உடைந்த சீப்புப் பல்.

"இவ்வளவு நாளா இதோடயா தூங்கினே?"

"குத்தும். ஒருக்களிச்சுப் படுத்துக்குவேன்."

அம்மை அதைப் படியில் பத்திரமாக வைத்துவிட்டு மறுபடியும் நுனியிலிருந்து தொடங்கினார்.

காற்றில் ஈரம் உலர உலர, முடி வளையம் வளையமாகச் சுருண்டுகொண்டது. அம்மை ஒரு சுருளைப் பிடித்து நீட்டி விட்டார். அது துள்ளி மேலே ஏறியது. மறுபடியும் நீட்டி விட்டார்.

"என்ன பண்றீங்க அம்மை?"

"ஒண்ணுமில்ல. இன்னும் ஒரே ஒரு தடவை."

கையில் மிஞ்சிய எண்ணெயைத் தன் மழித்த தலையில் தடவிக்கொண்டார். தில்லை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"முதல் தடவை நாவிதர் உங்களையும் கேட்டாரா அம்மை?"

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானாத்தான் வந்தேன்னு சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துட்டுக் கத்தியைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டார். அடுத்த மாசம் வாங்கன்னார்."

"அடுத்த மாசம் என்ன சொன்னீங்க?"

"அடுத்த மாசம் அவர் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்துட்டுக் கத்தியை எடுத்தார்."

தில்லை தன் சுருள் ஒன்றைப் பிடித்து நீட்டி விட்டாள்.

மறுநாள் காலையில் நாவிதர் வந்தார். புன்னை மரத்தடியில் அம்மைக்கு மழித்து முடித்தார். படித்துறையில் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "வேற யாராவது உண்டா?" என்று கேட்டார்.

தில்லை ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து, உமையாளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.