ஒரு சொட்டும் சிந்தாமல்

கிட்ட வந்து உக்காருங்க. பின்னால இருக்கிறவங்களும்தான். இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்ல.

"தாயி, சிந்தாம எப்படி மாத்த?"

கேட்டவர் ஆவுடையப்பன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கேட்டது சாராளிடம். அவர் மகளைவிடச் சின்னவள். அப்பா விட்டுப்போன ஒர்க் ஷாப்பை அவள்தான் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி வேதக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பொட்டுக் கறை படாத அதே சேலையோடு போய் முதல் வரிசையில் நின்று பாடுவாள். ஊருக்கே தெரியும்.

"எத அண்ணாச்சி?"

"ஆயில் ஃபில்டர."

"வண்டிய இங்க கொண்டாங்க. மாத்தித் தாரேன்."

"என் வண்டிய இன்னொரு கை தொடாது. உங்கப்பனையே தொட விட்டதில்ல."

"அப்பா சொல்லுவாரு. உங்க வண்டி எங்கெல்லாம் நின்னுச்சுன்னு தரையப் பாத்தே சொல்லிரலாம்னும் சொல்லுவாரு."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

அவர் குடியிருக்கிற காம்பவுண்டில் அஞ்சு வீடு, ஒரே சிமெண்டு முற்றம். ஒரு ஓரத்தில் அவர் கார் நிற்கும். மீதி முற்றம் முழுக்க உலகம்மாளும் அவள் கூட்டாளிகளும் வெள்ளைத் துணி விரித்து அப்பளம் காயப்போடுவார்கள்.

ஃபில்டர் மாற்றும்போது மூன்று தடவை ஆயில் சிந்திவிட்டது. மூன்றாவது தடவை அது வழிந்து போய் அப்பளத் துணியைத் தொட்டது.

உலகம்மாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணாச்சி, இதான் கடைசி. இன்னும் ஒரு சொட்டு விழுந்துச்சு, வண்டி வெளிய போயிரணும். அஞ்சு வீட்டுலயும் பேசியாச்சு."

"பெரிய அப்பளம்!" என்றார் அவர்.

அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே என்றால் தெருகூட இல்லை, ரெண்டு பக்கமும் முள்வேலி போட்ட சந்து. கார் நுழைந்து வரலாம், நிறுத்த முடியாது. ரெண்டு குடை எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்கித்தான் ஆக வேண்டும். கார் போய் மெயின் ரோட்டில்தான் நிற்கும்.

அவர் மனைவி சொர்ணத்துக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் ரெண்டு நாள் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக் கொண்டுவருகிறார். திரும்பி வருகிற அன்றைக்கு அவள் பத்து அடி நடப்பாள். பதினோராவது அடிக்குச் சுவரைப் பிடிப்பாள்.

மெயின் ரோடு வரைக்கும் பிடிக்கச் சுவர் கிடையாது.

சாராளுக்கு இதெல்லாம் தெரியும்.

"எப்படிக் கழட்டுதீக?"

"அடி நட்டத் திறந்து ஆயில விடுதேன். கையோட ஃபில்டர முறுக்குதேன். அது ஒரு டம்ளர் ஆயில உள்ள அடக்கி வெச்சுக்கிட்டு, கழண்டதும் கையில கொட்டுது. சூடு வேற. கையை உதறுதேன்."

"அது ஏன் அடக்கி வெச்சிருக்கு?"

"அதக் கேக்கத்தான் வந்தேன்."



"அக்காவ அடுத்து எப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீக?"

"நாளைக்கு."

"அக்காவப் படுக்க வெச்சதும், மேல பாத்துக்கிட்டு இருங்க."

"மேலயா?"

"மேல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் மேலே பார்த்தார். வழக்கமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். "இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்" என்று நர்ஸ் பிள்ளைகளை அரிப்பார். அன்றைக்குக் கழுத்து வலிக்க மேலேயே பார்த்தார்.

திரும்பி வந்து சாராளிடம் சொன்னார்.

"ஃபேன் ஓடுது. மூணு ரெக்கை. ஒண்ணு வளஞ்சிருக்கு."

"அண்ணாச்சி, அவ்வளவு மேல வேண்டாம்."

அடுத்த தடவை போனபோது ஃபேனுக்குக் கீழே பார்த்தார்.

கம்பியில் ஒரு பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அடியில் குழாய். குழாய் வழியாகத் தண்ணி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அது அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாட்டிலின் உச்சியில் இன்னொரு ஊசி குத்தி நின்றது. அதில் குழாய் இல்லை, மருந்து இல்லை. சும்மா நின்றது.

"ஏ தாயி, அந்த ஊசி எதுக்கு?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"காத்து போகத்தான் ஐயா. மேல காத்து போகலைன்னா கீழ தண்ணி எறங்காதுல்லா?"

"இது எப்பலேருந்து குத்துதீக?"

நர்ஸ் சிரித்தாள். "ரெண்டு வருஷமா உங்க தலைக்கு மேலதான் குத்துதேன்."

கட்டிலிலிருந்து சொர்ணம் சொன்னாள்: "நான் பாக்கதுதான். உங்களுக்குத்தான் கடிகாரத்த விட்டா வேற தெரியாதே."

அன்றைக்கு அவர் ஒர்க் ஷாப்புக்குப் போய்க் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"ஒரு ஆணி குடு தாயி. கூரானதா."

சாராள் எடுத்துக் கொடுத்தாள்.

"உனக்கெப்படித் தெரியும், அங்க ஊசி இருக்குன்னு?"

"அப்பா கூட நாலு வருஷம் அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்தவ நான்."

அவர் ஆணியின் கூரை விரலில் வைத்துப் பார்த்தார்.

"ஃபில்டர் உச்சியில குத்துனா?" என்றாள் சாராள்.

"காத்து போகும்."

"போனா?"

"எல்லாம் எறங்கும்."

"எறங்குத வரைக்கும் நீங்க என்ன செய்வீக?"

அவர் ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் ஓரத்தில் நின்றது. ஆவுடையப்பன் அதன் அடியில் மூன்று சாக்கு விரித்தார். அதன்மேல் பழைய பேப்பர். அதன்மேல் மரத்தூள்.

"எக்கா, துணிய இன்னும் எட்ட விரி!" என்றாள் ஒருத்தி. "அண்ணாச்சி ஆயுதம் எடுத்துட்டாக!"

கோயிலுக்குப் போகிற வழியில் சாராள் வந்தாள். வெள்ளைச் சேலை. குனிந்து பார்த்தாள். ஆயில் பிடிக்கிற சட்டியை மட்டும் விட்டுவிட்டு, பேப்பர், தூளோடு சாக்கைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்தாள்.

"தாயி! சிந்துனா?"

"இது கீழ கெடந்தா கை அவசரப்படும்."

போய்விட்டாள்.

ஆவுடையப்பன் அடி நட்டைத் திறந்தார். பானெட்டைத் தூக்கினார்; உள்ளே ஃபில்டர் தலையை மேலே தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. உச்சியில் ஆணியை வைத்து ஒரே தட்டு. அதற்குள் அடங்கியிருந்ததெல்லாம் இன்ஜினுக்குள் இறங்கி, சட்டிக்குள் கறுப்பு நூலாக விழ ஆரம்பித்தது.

இனி முறுக்க வேண்டியதுதான். கை துறுதுறுத்தது.

கையை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முற்றத்தில் கடிகாரம் இல்லை. பார்க்க வேறொன்றும் இல்லை. உலகம்மாள்தான் எதிரே நின்றாள், எப்போது சொட்டு விழும் என்று.

"உலகம்மா," என்றார். "அன்னைக்கு எத்தன அப்பளம் போச்சு?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்!"

ஆரம்பித்தாள். மாவு பிசைந்த கை வலியைச் சொன்னாள். ரெண்டு தடவை துவைத்தும் துணியில் போகாத வாடையைச் சொன்னாள். கதவைச் சாத்தினதைச் சொன்னாள், அதைத்தான் ரொம்ப நேரம் சொன்னாள். ரெண்டு தடவை அவர் வாய் திறந்தது. ரெண்டு தடவையும் ஃபில்டர் உச்சியில் குத்தின ஓட்டையை நினைத்து மூடிக்கொண்டார்.

"சொர்ணத்துக்குன்னு," என்றாள் உலகம்மாள், "உப்பு போடாம பத்து அப்பளம் தட்டி ஓரமா வெச்சிருந்தேன். அந்த ஓரத்துலதான் உங்க ஆயில் வந்து நின்னுச்சு. அதச் சொல்ல வந்தேன் அன்னைக்கு. நீங்க எங்க கேட்டீக?"

ஆவுடையப்பன் தலை குனிந்தார்.

சட்டிக்குள் விழுந்த நூல் மெலிந்து சொட்டானது. சொட்டும் நின்றது.

"சொர்ணம் சாப்பிட்டாளா?" என்றாள் உலகம்மாள்.

"இன்னும் இல்ல."

அவர் எழுந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை ஃபில்டருக்குத் தொப்பி மாதிரி மாட்டினார். பைக்கு வெளியிலிருந்தே கையால் திருகினார். ஃபில்டர் கழண்டு பைக்குள்ளேயே கைக்கு வந்தது. பழைய ரப்பர் வளையமும் அதோடு வந்திருக்கிறதா என்று பார்த்தார். வந்திருந்தது. புதுசின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினார். அடி நட்டை மாட்டி, புது ஆயில் ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வண்டியை முன்னால் நகர்த்தி நிறுத்தினார்.

அந்த நேரத்துக்குச் சாராளும் கோயில் முடிந்து வந்தாள்.

பெண்கள் அத்தனை பேரும் கார் நின்ற இடத்தைச் சுற்றிக் குனிந்து தேடினார்கள். ஒருத்தி விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தாள். சொர்ணம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

சாராள் குனிந்து பார்க்கவில்லை. நேரே வந்து, வெள்ளைச் சேலையோடு அந்த இடத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, "பசிக்குது உலகம்மா அக்கா, பொரிச்ச அப்பளம் இருக்கா?" என்று கையை நீட்டினாள்.