லரிசாவின் அம்மா பேர்

முன்பொரு ஆவணி மாதம். வள்ளியூரில் ஓர் அச்சகத்துக் கணினிக்குள் எழுத்துருக்கள் பல குடியிருந்தன. அவற்றில் மணமாலை என்ற எழுத்துருவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் இல்லாத கல்யாணப் பத்திரிகை இந்தத் தாலுகாவில் உண்டா?" என்று சதா கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் நேர்கோடு என்று ஒன்று கிடந்தது. மின்தடை நோட்டீசுக்கு மட்டும் அதைக் கூப்பிடுவார்கள்.

அந்த மாதம் லரிசாவின் பத்திரிகை வந்தது. கூடங்குளத்தில் வேலை பார்க்கும் ரஷ்யப் பெண், மாப்பிள்ளை உள்ளூர். அவளுக்கு அப்பா இல்லை. ரஷ்யாவிலிருக்கும் அம்மாவுக்கோ ரஷ்ய எழுத்து மட்டும்தான் தெரியும். "பொண்ணுக்கு ஆளே இல்லையாமே" என்று மாப்பிள்ளை சொந்தத்தில் அதற்குள் பேச்சு. பத்திரிகையில் பேர் வராதவரை ஆள் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? அம்மா பேரை அந்த ரஷ்ய எழுத்திலேயே போடச் சொல்லியிருந்தாள் லரிசா.

டைப் செய்யும் கனியம்மாள் அந்த வரியையும் மணமாலையிடமே தள்ளினாள். ரஷ்ய எழுத்துகள் வாசலில் வந்து நின்றன. மணமாலையிடம் அவற்றுக்கு வடிவமே கிடையாது. அதை ஒத்துக்கொள்ள மானம் இடம்கொடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும் ஒரு காலிக்கட்டத்தை நிறுத்திவிட்டு, "இப்படி எழுத்தெல்லாம் உலகத்திலேயே இல்லை" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

புரூஃப் பார்க்க வந்தார் மாப்பிள்ளையின் தாய்மாமன் சுடலைமுத்து. வரிசையாக நின்ற கட்டங்களைக் கண்டு பூரித்துப்போனார்.

"பார்டர் எடுப்பா இருக்கு தாயி. இதைச் சிவப்புல போட்டுரு."

பக்கத்தில் நின்ற லரிசா தாளை வாங்கிப் பார்த்தாள். "எங்க அம்மா எங்கே, மாமா?" என்றாள். அம்மா பேர் வரவேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

கனியம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. அச்சு மிஷினில் ஏற்ற ஆள் வேறு காத்திருக்கிறார். கட்டங்களை அழித்துத் தொலைக்கக் கையை வைத்தாள்.

"கொஞ்சம் பொறு," என்றது முதல் கட்டம். "நான் யார் இடத்தையும் பிடிக்கலை. இங்க ஒருத்தர் வரணும்னுதான் நிக்கேன். என்னை அழிச்சிட்டா, அவங்க வரவேண்டியது யாருக்குத் தெரியும்?"

கடைசி வரிசையிலிருந்து நேர்கோடு கனைத்தது. "அந்த ரஷ்ய எழுத்துகள் எல்லாரும் எங்கிட்டதான் இருக்காங்க. இதுவரை யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

"கரண்ட் நோட்டீசுக்குப் போற நீ கல்யாணத்துக்கு வாறியா?" என்று சிரித்தது மணமாலை.

"நீ வாயை மூடு," என்றாள் கனியம்மாள். அந்த ஒரு வரியை மட்டும் பிடித்து நேர்கோட்டிடம் ஒப்படைத்தாள்.

கட்டங்கள் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன. எழுத்துகள் வந்து நின்றன, ஒன்று குறையாமல். லரிசா அதைச் சத்தமாக வாசித்தாள். அச்சகமே வேலையை நிறுத்திக் கேட்டது.

கல்யாணத்தன்று அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு. அவரைத் தாண்டிப் பார்த்தபடி ஒரு சொந்தக்காரர் சுடலைமுத்துவின் காதைக் கடித்தார். "பொண்ணுக்கு ஆளே இல்லையாமே?"

சுடலைமுத்து பத்திரிகையை விரித்து அந்த வரியைக் காட்டினார்.

"இதென்ன எழுத்து? எனக்கு வாசிக்கத் தெரியலையே."

"உமக்கு வாசிக்கத் தெரியலைன்னா, அவளுக்கு அம்மா இல்லைன்னு ஆயிருமா, வே?"